நாலு கப்பு

ஆர்.எஸ்.மங்கலம் வழி
ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மாரிச்செல்விக்கு உன் அய்யா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை வசந்தகுமாரும் பேத்தி சிநேகாவும் மெல்போர்னில் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று கண்மாய்க்கரை அய்யனாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே என் உடம்பு நலம், மனசு எப்படி என்று கேட்டால் அதற்குத்தான் இவ்வளவு தாள் வாங்கி வந்திருக்கிறேன், பொறுமையாகப் படி. செவலைப் பசு போன வாரம் கன்று போட்டது, காளைக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. சீம்பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு யாருக்கு ஊற்றுவது என்று தெரியாமல் நின்றேன், கடைசியில் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளிடம் சட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன். கண்மாய் காய்ந்து கிடக்கிறது, உள்ளே ஆடு மேய்கிறது. மழை இறங்குமுன் புழுதியிலேயே விதைத்துவிட வேண்டும், இரண்டு உழவு ஓட்டியாயிற்று. டிராக்டர்காரன் கேட்கிற வாடகையைப் பார்த்தால், உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். காவிரிக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது, ஒற்றை ஆளுக்கு அது போதும், போதும் என்று எழுதும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது.

கடுதாசி எழுதுகிற காலமா இது என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். நீ போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், நான் என்ன செய்ய. பேசிப் பதிந்து அனுப்பலாம் என்று பார்த்தேன், அதை நானே போட்டுக் கேட்டால் யாரோ கிழவன் ஒப்பாரி வைக்கிற மாதிரி இருக்கிறது, அழித்துவிட்டேன். மாப்பிள்ளைதான் எல்லாம் சொன்னார். அடுப்படிக் கொக்கியில் தொங்கிய அளவுக் கப்புகளை எல்லாம் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டாயாம், வேலைக்குப் போய் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாயாம், தண்ணீர்கூட யாராவது கையில் கொடுத்தால்தான் உண்டாம். "நாந்தான் எங்கம்மாவக் கொன்னுட்டேன்னே சொல்றா மாமா, என்னால சமாளிக்க முடியல" என்று அவர் குரல் கம்மிப்போய்ச் சொன்னார். அதைக் கேட்டபிறகு நான் எப்படி ஆத்தா சும்மா இருப்பேன். நீ கொல்லவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்காமல் தூக்கிப் போட்டாலும் இந்த ஒரு வரி உன் கண்ணில் பட்டுவிட வேண்டும்.

நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். பங்குனியில் உங்கம்மாவுக்குக் கால் வீங்கி மூச்சு இரைத்து ராமநாதபுரத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன் அல்லவா. இருதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது, ஒருநாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே போகக் கூடாது, கஞ்சி காபி மோர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே உனக்குப் போன் போட்டேன். ஒரு லிட்டரை வீட்டில் எப்படி ஆத்தா அளக்கிறது, நமக்குப் படியும் உழக்கும்தானே தெரியும் என்றேன். நீ அங்கே பிள்ளைக்குக் கேக்கோ என்னமோ செய்துகொண்டிருந்தாய், பாத்திரச் சத்தம் கேட்டது. "லேசுதான் அய்யா, ஒரு கப்பு எறநூத்தம்பது மில்லி, நாலு கப்பு ஒரு லிட்டரு. காலையில ஒண்ணு, மத்தியானம் ரெண்டு, ராவுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கங்க, கணக்கு மறக்காது" என்றாய். அந்தக் கணக்கில் ஒரு பிசகும் இல்லை, எவன் போட்டாலும் அது ஆயிரம்தான். வம்பு அந்த ஒரு சொல்லில் இருந்தது. நம் வீட்டில் தம்ளர் உண்டு, டவரா உண்டு, செம்பு உண்டு, கப்பு என்றால் ஒன்றே ஒன்றுதான். நீ ஏழாவது படிக்கும்போது ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக ஓடி வாங்கினாயே, காது வைத்த எவர்சில்வர் குவளை, அதுதான். பெரிய கோப்பையாகக் கொடுப்பார்கள் என்று பார்த்தால் காபி குடிக்கிற குவளையைக் கொடுத்துவிட்டார்களே என்று நீ மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாய். உங்கம்மா அதைப் பிடுங்கித் தெருவெல்லாம் தூக்கிக் காட்டி, "எம் மக கப்பு ஜெயிச்சுட்டு வந்துட்டா" என்று ஆர்ப்பாட்டம் பண்ணினாள். அன்றிலிருந்து அதற்குப் பேரே கப்பு. அதனால் நீ நாலு கப்பு என்றதும் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு ஒன்றும் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துப் புளி போட்டு விளக்கிக் கவிழ்த்தாள். "பாத்தீகளா, அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டும் எம் மக அவ கப்புலயே எனக்குத் தண்ணி ஊத்தச் சொல்றா" என்று முகமெல்லாம் பெருமை.

அளக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கண்மாய் மடையில் நின்று யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறைத் தண்ணீர் திறந்துவிட்டவன், என் முறையில் ஒரு பயல் கை வைத்ததில்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன், வீட்டில் மட்டும் விட்டுவிடுவேனா. தண்ணீர்க் குடத்துக்கு மூடி போட்டு அதற்குமேல் அம்மிக் குழவியை ஏற்றி வைத்தேன். அவளால் அதைத் தூக்க முடியாது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் வைத்தேன். சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம், காக்காய்கூட வாயைப் பிளந்துகொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். முந்தானையை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொள்வாள். கஞ்சியில் தெளிவு கொஞ்சம் கூட ஊற்றச் சொல்வாள். "ஒரு வாயிங்க, ஒரே ஒரு வாய்" என்பாள். நான் மடையில் நின்று சொல்வது போலவே, "முறை முடிஞ்சுபோச்சு கனகம், இனிப் பொழுது சாயத்தேன்" என்பேன். ஒருநாள் அதற்கு அவள், "கம்மாயில களவாங்குறவனுக்குக்கூடத் தண்ணி கெடைச்சிருது, ஒங்ககிட்டத்தேன் ஒண்ணும் நடக்கல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மாத்திரையில் கால் வீக்கம் வற்றியதும் பார்த்தாயா என் காவலை என்று எனக்கு மீசை முறுக்கல் வேறு. நாலு கப்புக்கு மேல் ஒரு சொட்டுப் போகவில்லை என்று உனக்குப் போனில் பீற்றிக்கொண்டேன், நீயும் அப்படியே கரெக்டாக இருங்கள் அய்யா என்றாய்.

வைகாசியில் அந்தக் காலை. கப்பில் காபி குடித்து முடித்துக் கீழே வைத்தாள். "நெஞ்சு வறண்டு வருது, ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றாள். இரு, மத்தியானத்துக்கு வேணும்ல என்று சொல்லிவிட்டு நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். மாடு தொட்டியில் வாயை வைத்து உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன் ஆத்தா. திரும்பி வந்தால் சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டிருந்தாள். நீ வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது, அதனால் நீர்மாலை எடுத்து வந்ததை நீ பார்க்கவில்லை. குடம் குடமாகக் கொண்டுவந்து தலையில் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள், முகத்தில் வழிந்து வாயோரத்தில் தேங்கி நின்றது. தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுக்காத பயல் என்று நான் எத்தனை பேரை ஏசியிருப்பேன். அன்றைக்கு அந்தப் பேச்சு என்னைப் பார்த்துத் திரும்பி நின்றது, ஆனாலும் டாக்டர் சொன்ன அளவுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நீ ஊருக்குத் திரும்பிப் போனபிறகு அந்தத் தேறுதலும் போயிற்று. கருமாதிக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க வாங்கின அரை லிட்டர்த் தண்ணீர்ப் பாட்டில்கள் மிச்சம் கிடந்தன. தினமும் அவள் படத்துக்கு முன்னால் கப்பில் தண்ணீர் வைப்பேன், ஒருநாள் குழாய் வராததால் அந்தப் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். கப்பு நிறைந்துவிட்டது, பாட்டில் பாதிகூடக் குறையவில்லை. இரண்டு கப்பு ஊற்றினால் காலியாக வேண்டிய பாட்டில் அல்லவா என்று செடியில் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன், மறுபடியும் ஊற்றினேன். மூன்று தடவை நிறைந்து அதற்குப் பிறகும் அடியில் ஒரு மடக்கு நின்றது. நம் கப்பு நூற்றைம்பதுதான் பிடிக்கிறது. நாலு கப்பு அறுநூறு. டாக்டர் அவளுக்கு விட்டது ஆயிரம், நான் மறித்து வைத்தது நானூறு. இத்தனைக்கும் மாட்டுக் கொட்டத்தில் பூச்சிமருந்து அளக்கிற மூடி, மில்லிக் கோடு போட்டது, ஆணியில் தொங்குகிறது. டேங்குக்கு எத்தனை மில்லி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். விஷம் பட்டதை அடுப்படிக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஒதுக்கியது சரிதான், கப்பை வெளியே கொண்டுபோய் ஒரு தடவை அளந்து பார்க்கும் புத்தி வரவில்லையே. மடையைக் காக்கிறவனை மடையன் என்பார்கள், எனக்கு அந்தப் பேர் இரண்டு விதத்திலும் பொருந்திவிட்டது. உன் காதில் இது விழக் கூடாது என்று முழுங்கிக்கொண்டு இருந்தேன். ஆடியில் நீ வீடியோவில் கூப்பிட்டபோது சிநேகா அம்மாச்சி படத்தைக் காட்டச் சொன்னாள், நானும் போனைத் திருப்பினேன். நீ படத்தைப் பார்க்காமல் கப்பைப் பார்த்துவிட்டாய். "அய்யா, அந்தக் கப்புலயா அம்மாவுக்குத் தண்ணி குடுத்தீக" என்று கேட்டாய். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆமா ஆத்தா, நீ சொன்ன கப்புதேன் என்றேன். நீ சொன்ன என்று எதற்காகச் சேர்த்தேன், அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்குப் போனை வைத்தவள்தான் நீ.

மாப்பிள்ளை உன் நிலைமையைச் சொன்னதும் மறுநாளே அந்தக் கப்பைத் துண்டில் முடிந்துகொண்டு ராமநாதபுரம் போனேன். டாக்டர் மேசையில் வைத்து, இதில் நாலுதான் அய்யா கொடுத்தேன், என் பெண்டாட்டியைக் காயப்போட்டுக் கொன்றுவிட்டேனா, உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் போவதற்கு ஒரு வாரம் முந்தி எடுத்த ரத்தப் பரிசோதனையைக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். "பெரியவரே, தண்ணியில்லாம ஒடம்பு காஞ்சிருந்தா இதுல தெரிஞ்சிருக்கும், அப்படி ஒண்ணுமே இல்ல. அவங்க இருதயம் அவ்வளவுதான் தாங்கிச்சு" என்றார். அந்த வெயிலில் அறுநூறு மில்லியில் எப்படிக் காயாமல் இருந்தது என்று விடாமல் கேட்டேன். நீங்கள் கொடுத்ததற்கு மேல் எங்கேயாவது குடித்திருப்பார்கள் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் காவலை மீறி யார் குடித்துவிட முடியும். கிழவன் அழுகிறானே என்று பாவம் பார்த்துச் சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முந்தாநாள் வெள்ளையம்மாள் சீம்பால் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கப்பைத் துண்டில் முடிந்துகொண்டு எங்கண்ணே போனீக என்று கேட்டாள். சொன்னேன். சொல்லி முடிக்குமுன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது, மதினிய நாந்தேன் கொன்னுட்டேன்" என்றாள். இதென்னடா, ஆளுக்கு ஆள் இதையே சொல்கிறார்களே என்று எனக்குத் திக்கென்றது. பிறகு விக்கி விக்கிச் சொன்னாள். மத்தியானம் நான் சாப்பிட்டுக் கண் அசந்ததும் உங்கம்மா கறிவேப்பிலை பறிக்கிறேன் என்று பின்வாசல் வழியாக அவள் வீட்டுக்குப் போவாளாம். ஒருநாள் விடாமல் போயிருக்கிறாள். பானைத் தண்ணீர் ஒரு செம்பு, அண்ணாந்து கடகடவென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கையில் நாலு இணுக்குக் கறிவேப்பிலையோடு வந்து ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்துகொள்வாளாம். "கம்மாய்க் காவக்காரரு வீட்டுலயே களவுன்னு ஊருக்குள்ள சொல்லிப்புடாத வெள்ள" என்று சிரிப்பாளாம். வேணாம் மதினி, டாக்டரு சொல்லியிருக்காருல்ல என்று இவள் தடுத்தால், "அந்த மனுசன் கணக்குக்கு அவரு குடுக்குறாரு, என் தாகத்துக்கு நான் குடிக்கிறேன். அவருகிட்டச் சொல்லிராத, மனசு ஒடிஞ்சுபோவாரு" என்பாளாம். கூட ஊற்றிக் கொன்றுவிட்டேன் என்று இவள், குறைய ஊற்றிக் கொன்றுவிட்டேன் என்று நான், கணக்குச் சொல்லிக் கொன்றுவிட்டேன் என்று நீ. அந்தச் செம்பைக் கொண்டா என்றேன். கொண்டுவந்தாள். ஒரு பாட்டிலை உடைத்து அதில் ஊற்றினேன், விளிம்பு தட்டும்போது பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம், நானூறை ஒட்டித்தான் பிடிக்கிறது. அதை என் அறுநூறோடு கூட்டிப் பார், நீ படித்தவள்தானே. அளவு தெரியாமல் நாம்தான் முழித்தோம், அவள் தாகத்துக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளையம்மாளுக்கு இதை விளக்கிச் சொன்னதும் அவள் அங்கனயே உட்கார்ந்து அழுதாள், நானும் அழுதேன், கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் சிரித்தும்விட்டோம். சித்திரை முழுக்க நம் வீட்டுக் குழம்பில் காயைவிடக் கறிவேப்பிலைதான் அதிகம் மிதந்தது, இதென்ன குழம்பா குப்பையா என்று நான் ஏசியிருக்கிறேன், அப்போதுகூட எனக்குப் புரியவில்லை பார்.

ஆகவே ஆத்தா, உன் நாலு கப்பு அவளை ஒன்றும் செய்யவில்லை, டாக்டர் சொன்ன லிட்டர் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இதற்கு மேல் நீ உன்னை வதைத்துக்கொண்டால் அது உங்கம்மாவுக்குச் செய்கிற குற்றம். என் பாடு வேறு. இத்தனை வருசம் என்னோடு குடித்தனம் பண்ணினவள், தன் வீட்டுக் குடத்தின் மேல் புருசன் கல்லை ஏற்றி வைத்ததால் அடுத்த வீட்டில் போய்க் களவாண்டு குடித்தாள். அதையும் எனக்கு மனசு ஒடியுமே என்று மறைத்தாள். கடைசியில் கேட்ட அந்த ஒரு வாய்க்கு எந்த லிட்டர்க் கணக்கும் கிடையாது, கொடுத்திருக்கலாம், நான் கொடுக்கவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அய்யா நிலத்தில் உனக்குப் பங்கு உண்டு, இதில் உனக்குப் பங்கு கிடையாது, கேட்டும் வராதே. கடைக்குப் போய் அந்த அளவுக் கப்புகளைத் திரும்ப வாங்கு, சிநேகாவுக்குக் கேக் செய்து கொடு, பிள்ளை உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்குமாம், மாப்பிள்ளை சொன்னார். அவரிடம் முகம் கொடுத்துப் பேசு, நல்ல மனுசர், குரல் கம்மினால் எனக்குத் தாங்கவில்லை. யாருக்காவது அளவு சொன்னால் எந்தக் கப்பு என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள், அவ்வளவுதான் இதில் படிக்க வேண்டிய பாடம். முடிந்தால் தைக்கு வாருங்கள், விதைப்பு தப்பிப் பிழைத்தால் கதிராவது பார்க்கலாம்.

வெள்ளையம்மாளிடம் அந்தச் செம்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டு நம் வீட்டுச் செம்பை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். படத்துக்கு முன்னால் இப்போது அதுதான் இருக்கிறது, விளிம்பு வரைக்கும். உன் கப்பைத் தனிப் பார்சலில் உனக்கே அனுப்புகிறேன், அது நீ ஓடி ஜெயித்தது, பாவம் அதன் பேரிலும் ஒரு குற்றமும் இல்லை. அய்யனார் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசி. இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடி ஆத்தா, அளக்காமல் குடி. குடித்துவிட்டு எனக்குப் போன் போடு. மத்தியானத்தில் மட்டும் போடாதே. சாப்பிட்டதும் நான் கண்ணை மூடிப் படுத்துக்கொள்கிறேன், தூக்கம் ஒன்றும் வருவதில்லை, சும்மா மூடிக்கொண்டுதான். குடத்தின் மேல் இப்போது கல் இல்லை, பின்வாசலையும் திறந்தே போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அய்யா
இருளாண்டி